கசாயச் சக்கையில் எதனோல்: முதலில் கடுக்காயைப் பொறுக்குங்கள்

எரிபொருளுக்கு எதனோல் எடுக்கலாம் என்று கல்லடியில் வைத்தியர் ஒருவரிடம் ஒரு வாளி கசாயச் சக்கை (கசாயம் வடித்த பின் மிஞ்சும் மூலிகை) வாங்கி வந்து, அப்படியே தண்ணீரும் ஈஸ்ட்டும் போட்டு மூடி வைத்தேன். நாலு நாளாகியும் ஒரு குமிழிகூட வரவில்லை. கடுக்காயின் துவர்ப்பும் வேர்க்கொம்பு, திப்பிலியின் காரமும் ஈஸ்ட்டை அடக்கிவிடும் என்பது பிறகுதான் உறைத்தது.

அதனால் முதலில் அவற்றைப் பொறுக்கி எறியுங்கள். வேண்டியது மாப்பொருள் உள்ளவை: அமுக்கிராக் கிழங்கு, சீந்தில் தண்டு (சீந்தில் சர்க்கரை என்று விற்பது அதன் மாப்பொருள்தான்). விறகு மாதிரி இருக்கும் வேர், பட்டையெல்லாம் செல்லுலோசு என்ற நார்ப்பொருள், அதை உடைக்க அமிலமோ வேறு நொதியமோ வேண்டும், வீட்டில் மினக்கெட வேண்டாம். எங்கள் வெக்கைக்கு ஈரச் சக்கை ஒரே நாளில் பூஞ்சணம் பிடிக்கும், வந்த கையோடு வெயிலில் காயப்போடுங்கள்.

காய்ந்ததை இடித்து, ஒரு கிலோவுக்கு 5 லீற்றர் தண்ணீர் விட்டு அரை மணி நேரம் கொதிக்க வையுங்கள். 65 பாகைக்கு ஆறியதும் முளைகட்டிக் காயவைத்த நெல்மா 200 கிராம் சேர்த்து, சாக்கால் பானையைச் சுற்றி ஒன்றரை மணி நேரம் விடுங்கள். முளையில் உள்ள அமிலேசு என்ற நொதியம் மாப்பொருளைச் சீனியாக்கும், ஈஸ்ட்டுக்கு வேண்டியது அந்தச் சீனிதான். வெள்ளைப் பீங்கானில் ஒரு துளி விட்டு அயடீன் தொட்டுப் பாருங்கள், நீலம் வந்தால் இன்னும் மாப்பொருள் மிச்சம், இன்னும் கொஞ்ச நேரம் விடுங்கள்.

அப்புறம் 32 பாகைக்கு ஆற்றி, கொஞ்சம் தேசிக்காய்ப்புளி, பாண் போடும் ஈஸ்ட் 10 கிராம். மூடியில் குழாய் செருகி மறுமுனையைத் தண்ணீர்ப் போத்தலுக்குள் விடுங்கள். இறுக்கி மூடினால் வெடிக்கும்! குமிழி நிற்க மூன்று முதல் ஐந்து நாள். மருந்துச் சரக்கு ஊறியது, யாரும் வாய் வைக்கக் கூடாது.

கணக்கையும் பாருங்கள்: ஒரு கிலோவில் 200 கிராம் மாப்பொருள் இருந்து ஒன்றும் வீணாகாவிட்டால்கூட சுமார் 144 மில்லிலீற்றர் எதனோல்தான் கிடைக்கும்.

காய்ச்சி வடிப்பதை வீட்டில் செய்யாதீர்கள். மதுவரித் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் வடித்தால் எரிபொருளுக்கு என்றாலும் வழக்குத்தான். எதனோல் 78 பாகையில் கொதிக்கும், அதன் சுவாலை பகலில் கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம். அனுமதியுள்ள ஆய்வுகூடத்தில் கொடுத்து வடிப்பியுங்கள். அடியில் தங்கும் வண்டல் வாழைக்கு நல்லது.