மெட்டுக்குப் பாட்டு எழுத உட்காரும் முன்

வாட்ஸ்அப்பில் மெட்டு வந்து விழுந்ததும் பேனாவை எடுக்காதீர்கள். முதலில் இயக்குநரைப் பிடியுங்கள். பாட்டு எந்தக் காட்சிக்கு அடுத்து வருகிறது, யார் பாடுகிறார், கதையில் அந்த இடத்தில் அவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று கேட்டு வாங்குங்கள். "அப்பா மகள் பாசம் சார், சோகமா இருக்கணும்" என்று மட்டும் சொன்னால் விடாதீர்கள், அது சிச்சுவேஷனே இல்லை.

விருது வாங்கிய பாட்டுகளை இந்தக் கண்ணோடு ஒரு தடவை கேளுங்கள். 'ரோஜா'வில் வைரமுத்துவுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த 'சின்னச் சின்ன ஆசை', கடத்தல் நடப்பதற்கு வெகு முன்னால் ஒரு கிராமத்துப் பெண் பாடுவது, அவளை அப்போதே நமக்குப் பிடித்துப்போவதால்தான் பின்னால் அவளுக்கு ஒன்று என்றால் நாம் பதறுகிறோம். 2023இல் ஆஸ்கர் வாங்கிய தெலுங்குப் பாட்டு 'நாட்டு நாட்டு' இன்னும் நல்ல பாடம். சந்திரபோஸ் எழுதியது. வெள்ளைக்காரன் வீட்டு விருந்தில் உனக்கு ஆடத் தெரியுமா என்று இளக்காரம் செய்ததற்குப் பதில் அது, அந்த அவமானத்தைக் கழித்துவிட்டால் வெறும் குத்துப்பாட்டு.

சரி, காட்சி கையில் இருக்கிறது. அப்புறம் தத்தகாரம், அதாவது மெட்டின் ஓசையைச் சொல் இல்லாமல் 'தன்னன தானா' என்று பிடிப்பது. மெட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு, குறில் நெடில் பிசகாமல் எழுதிக்கொள்ளுங்கள். மெட்டோடு, சும்மா இடத்தை நிரப்பப் பாடிய டம்மி வரிகளும் வந்திருந்தால் இந்த வேலை முடிந்ததும் அவற்றை மறந்துவிடுங்கள், இல்லையென்றால் எதை எழுதினாலும் அந்தச் சொற்களே வந்து நிற்கும்.

ஒன்று போட்டுப் பார்ப்போம். இரவு பஸ். மகள் முதல் வேலைக்கு ஊரைவிட்டுப் போகிறாள், அப்பா கீழே நிற்கிறார். சந்தம் 'தன்னன தன்னன தானா'. உடனே வருவது 'நெஞ்சினில் ஆயிரம் சோகம்'. சந்தத்தில் கச்சிதமாக உட்காரும், ஆனால் எந்த அப்பாவும் பஸ் ஸ்டாண்டில் இப்படிப் பேசமாட்டார். போதாததற்கு மெட்டு கடைசியில் 'னா' என்று இழுக்கிற இடத்தில் 'கம்' வந்து பாடகரின் வாயை மூடிவிடுகிறது. அவர் உண்மையில் என்ன சொல்வார்? "தண்ணிய வாங்கிட்டு ஏறு." பேச்சு சரி, ஆனால் 'வாங்கிட்டு' இடிக்கிறது: 'தன்னன'வில் நடு எழுத்து குறில், இங்கே 'கிட்' கனமாக விழுகிறது. 'ஜன்னலை மூடிடு தாயே' என்று வையுங்கள். 'லை' பாடும்போது தானாகக் குறுகிக்கொள்ளும், 'யே'வை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இழுக்கலாம். சோகம் என்ற சொல்லே இல்லை, ஆனால் குளிர்காற்று, இரவு, அப்பா எல்லாம் வந்தாயிற்று.

இலக்கணத்தை எவ்வளவு வளைக்கலாம் என்று கேட்பார்கள். 'ஆட்டோகிராஃப்' படத்தின் 'ஒவ்வொரு பூக்களுமே' பாட்டில் 'ஒவ்வொரு'வுக்குப் பிறகு பன்மை வருகிறது, இலக்கணப்படி 'ஒவ்வொரு பூவும்'தான். அந்தப் பாட்டுக்குத்தான் பா.விஜய்க்குத் தேசிய விருது. ஆனாலும் இதை ஒரு சலுகையாக எடுத்துக்கொள்ளாதீர்கள், வேறு வழி கிடைக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டு வளையுங்கள்.

சீரியல் டைட்டில் பாட்டு என்றால் கணக்கு வேறு. தினமும் ஒலிக்கும், கதை எந்தப் பக்கம் திரும்பும் என்று எழுதுகிறவருக்கே தெரியாது, அதனால் சம்பவத்தை எழுதாமல் நாயகியின் குணத்தை எழுதுங்கள்.

பல்லவிக்கு ஒன்றோடு நிறுத்தாமல் நாலைந்து வேறு வேறு தொடக்கங்கள் அனுப்புங்கள். இயக்குநர் நீங்கள் நினைக்காததைத்தான் எடுப்பார். ரெக்கார்டிங்குக்குக் கூடவே போங்கள், மாற்றுச் சொற்களைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, ஏனென்றால் மேல் ஸ்தாயியில் 'இ' வருகிற இடத்தில் பாடகர் "ஆகாரமா ஏதாவது குடுங்க" என்று, அதாவது 'ஆ' ஓசை வருகிற சொல்லாக, கேட்டால் அங்கேயே கொடுத்தாக வேண்டும்.