பழைய ஜிப்சியை நிற்காமல் ஓட வைப்பது எப்படி?

எங்கள் வீட்டில் நிற்பது 1998 மாடல் மாருதி ஜிப்சி கிங், நான்கு சக்கரமும் இழுக்கிற ஜீப் மாதிரி வண்டி. 1.3 லிட்டர் இன்ஜின், கார்புரேட்டர், துணிக்கூரை. மாமனார் வாங்கியது, இப்போது நான் ஓட்டுகிறேன். கோத்தகிரிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை இருக்கிறது. கொழுந்து மூட்டையை ஃபேக்டரிக்குக் கொண்டுபோவது, உரம் ஏற்றி வருவது, அடைமழையில் பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது எல்லாமே இந்த வண்டியில்தான். "இன்னும் எதற்கு இதைக் கட்டிக்கொண்டு அழுகிறாய்?" என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. எனக்கு இந்த வண்டி மேல் அத்தனை பிரியம். மொத்த எடையே ஒரு டன்தான் என்பதால், கனமான வண்டிகள் புதைந்து நிற்கிற சேற்றில் இது மேலாகவே ஏறிப் போய்விடும். பானெட்டைத் திறந்தால் கை நுழையாத இடமே இல்லை. எந்தப் பழுது வந்தாலும் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

மாருதி ஜிப்சி 1985 டிசம்பரில் 970 சிசி இன்ஜினோடு வந்தது. 1996-ல் 1.3 லிட்டர் கிங், 2000-ல் கார்புரேட்டருக்குப் பதிலாகப் பெட்ரோலைப் பீச்சுகிற 16 வால்வு எம்பிஎஃப்ஐ இன்ஜின், 2019-ல் பொதுச் சந்தைக்கான உற்பத்தி நின்றுவிட்டது. இத்தனை வருடத்தில் இன்ஜின் மாறியதே தவிர அடிப்படை மாறவில்லை. ஏணி மாதிரி சேஸ், முன்னும் பின்னும் முழு ஆக்ஸில், நான்கு சக்கரத்துக்கும் பட்டை ஸ்பிரிங். அதனால் நான் சொல்லப்போகிறதில் பெரும்பகுதி எந்த வருட ஜிப்சிக்கும் பொருந்தும்.

இன்ஜின் போனதால் ஓரங்கட்டிய ஜிப்சியை எங்கள் பக்கம் நான் பார்த்ததில்லை. மாருதி எஸ்டீம் காரில் இருந்ததும் இதே 1.3 குடும்பத்து இன்ஜின் என்பதால் உள் உதிரிகள் பல பொருந்தும். எப்படியாவது சரி செய்துவிடலாம். டைமிங் பெல்ட்டைக் கெடு தாண்டாமல் மாற்றி, ஆயிலையும் கூலன்ட்டையும் கவனித்தால் அது பாட்டுக்கு ஓடும். வண்டியைக் கொல்வது தண்ணீர். தரையில் தேங்கும், ஆக்ஸிலுக்குள் போகும், பிரேக் ஆயிலில் கலக்கும், பெட்ரோலிலும் இறங்கும். நான் வண்டியைப் பார்த்துக்கொள்வதே தண்ணீர் எங்கே நுழைகிறது என்று தேடுகிற வேலைதான். நீங்களும் அங்கிருந்தே ஆரம்பியுங்கள்.

தரையும் சேஸும்

முதலில் தரையில் விரித்திருக்கிற கால் மேட்டை முழுசாகக் கழற்றி வெளியே எடுங்கள். துணிக்கூரை வண்டியில் கண்ணாடிச் சட்டத்தின் கீழ் ஓரம் வழியாகவும், கதவு ஓரத்தாலும் மழை உள்ளே வரும். மேட்டுக்கு மேலே காய்ந்திருக்கும், அடியில் வாரக்கணக்கில் ஈரம் நிற்கும். டிரைவர் கால் வைக்கிற இடம், சீட் தாங்கிகளைச் சுற்றி, பின்சக்கர வளைவு தரையோடு சேருகிற இடம், பின்கதவின் அடிப்பாகம், பேட்டரித் தட்டு, இந்த ஐந்தையும் ஸ்குரூ டிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். பெயின்ட் நன்றாக இருந்தும் முனை உள்ளே இறங்கினால் தகடு போய்விட்டது என்று அர்த்தம். தரையில் இருக்கிற ரப்பர் அடைப்பான்களைக் கழற்றி, வழி அடைபட்டிருந்தால் சுத்தம் பண்ணுங்கள். நான் மழைக்காலம் முழுக்க மேட் போடுவதே இல்லை.

அடுத்தது சேஸ். சின்ன சுத்தியலால் நீளத்துக்கும் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், உள்ளே அரித்த இடத்தில் சத்தம் மொத்தென்று செத்துப் போகும். பின் ஸ்பிரிங்கைச் சேஸோடு இணைக்கிற ஷேக்கிள் மாட்டியிருக்கிற இடத்தையும் பின் குறுக்குச் சட்டத்தையும் பொறுமையாகத் தட்டுங்கள். சக்கரம் வாரி அடிக்கிற சேறு அங்கேதான் ஒட்டிக்கொள்ளும்.

துருவின் மேல் தார் மாதிரி கறுப்புப் பூச்சை அப்பிக் கொடுக்கிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள். பூச்சுக்குள் மாட்டிய ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே அரிக்கும், அடுத்த வருடம் பார்த்தால் பூச்சு மட்டும்தான் மிஞ்சியிருக்கும். அரித்த தகட்டை நல்ல இரும்பு வருகிறவரை வெட்டி எடுத்து, அதே கனத்தில் புதுத் தகடு வைத்து வெல்டிங் பண்ணச் சொல்லுங்கள். அப்புறம் எபாக்ஸி பிரைமர், இணைப்புகளில் சீலர், அதற்கு மேல் பெயின்ட். டிங்கர் வேலைக்கு விடும்போது பட்டி தடவுவதற்கு முன்னால் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். பட்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது அதற்கப்புறம் யாருக்கும் தெரியாது. சேஸின் பெட்டிப் பகுதிக்குள் ஓட்டைகள் வழியாக மெழுகு ஸ்பிரேயோ, சுத்தமான ஆயிலோ நன்றாக அடித்துவிட்டால் பல வருடம் தாங்கும். சேஸ் நம்பர் குத்தியிருக்கிற இடத்துப் பக்கம் மட்டும் கிரைண்டரோ வெல்டிங்கோ போகக் கூடாது.

முன்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற உருண்டை

ஜிப்சியின் முன் ஆக்ஸில் முனையில் பந்து மாதிரி ஓர் உருண்டை இருக்கும். அதைச் சுற்றித்தான் சக்கரம் திரும்புகிறது. மேலும் கீழும், சக்கரம் திரும்புகிற அச்சைத் தாங்குகிற கிங்பின் பேரிங் ஒவ்வொன்று, பின்பக்கம் உருண்டையைத் துடைத்துக்கொண்டே இருக்கிற சீல். பழைய ஜிப்சி வைத்திருக்கிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய இடம் இது, ஆனால் சர்வீஸில் யாரும் தொடாமல் விடுகிற இடமும் இதுதான்.

சீல் தேய்ந்தால் சேற்றுத் தண்ணீர் உள்ளே போய் கிரீஸைக் கழுவிவிடும், பேரிங் துருப்பிடித்துப் பள்ளம் விழும். அதன்பின் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு குழியில் இறங்கினால் போதும், ஸ்டியரிங் கையில் நிற்காமல் ஆட ஆரம்பிக்கும். பலர் உடனே ஆட்டத்தை அடக்குகிற ஸ்டியரிங் டேம்பரை மாற்றிவிடுவார்கள். புது டேம்பர் ஆட்டத்தைக் கொஞ்ச நாள் மறைக்கும், அவ்வளவுதான்.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். சமதரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கம் ஜாக்கி ஏற்றி, ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுங்கள். டயரின் உச்சியில் ஒரு கை, அடியில் ஒரு கை. மாற்றி மாற்றித் தள்ளி இழுங்கள். ஆட்டம் தெரிந்தால் வீட்டில் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங் தளர்ந்திருக்கிறது. மிதித்தும் ஆடினால் கிங்பின் பேரிங்.

சக்கரம் மேலே இருக்கும்போதே உள்பக்கத்தையும் பாருங்கள். உருண்டையில் கிரீஸ் மெல்லிய படலமாக இருந்தால் ஆரோக்கியம். கறுப்பாக, தண்ணியாக ஒழுகி டயரின் உள்சுவரில் கோடு போட்டிருந்தால் ஆக்ஸில் குழாய்க்குள் இருக்கிற ஆயில் சீல் போய், டிஃபரென்ஷியல் (இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கிற கியர் பெட்டி) ஆயில் கிரீஸோடு கலந்து வெளியே வருகிறது. அப்போது வெளி சீலை மட்டும் மாற்றினால் மறுபடி ஒழுகும். முழுசாகப் பிரித்து, டீசலில் கழுவி, உள் சீல், வெளி சீல், இரண்டு பேரிங் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுவதுதான் கணக்குக்குக் கட்டும். திரும்ப மாட்டும்போது ஷிம் என்கிற மெல்லிய தகடு வைத்து இறுக்கத்தைச் சரிபார்க்க வேண்டும். எங்கள் மெக்கானிக் அண்ணன் வெல்லிங்டனில் ராணுவ ஜிப்சிகளில் கைபழகியவர். ஸ்டியரிங் ஆர்மின் நுனியில் ஸ்பிரிங் தராசைக் கட்டி இழுத்து, மேனுவலில் சொன்ன அளவு வருகிறதா என்று பார்த்த பிறகுதான் சக்கரத்தை மாட்டுவார். உங்கள் மெக்கானிக்கிடம் ஸ்பிரிங் தராசு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பதிலிலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

ஆயிலும் மூச்சுக்குழாயும்

முன் டிஃபரென்ஷியல், பின் டிஃபரென்ஷியல், கியர்பாக்ஸ், முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் விசையைப் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று ஆயில் பார்க்க வேண்டிய பெட்டிகள் நான்கு. எதை மாற்றினாலும் முதலில் ஊற்றுகிற பக்கத்து நட்டைக் கழற்றிவிட்டு, அது கழன்ற பிறகுதான் கீழே வடிகிற நட்டில் ஸ்பேனர் வைக்க வேண்டும். வடித்துவிட்டு மேல் நட்டு கழலவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்கும். வந்த ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

எப்படிப் புகுந்தது? ஆக்ஸில் மேல் சின்ன மூச்சுத் துவாரம் ஒன்று இருக்கிறது. சூடான ஆக்ஸில் ஓடைத் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கும். துவாரம் சேறு அடைத்துக் கிடந்தால், சீல் ஓரமாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். துவாரத்தைச் சுத்தமாக வைத்து, ஒரு ரப்பர் குழாய் மாட்டி, அதன் முனையைப் பானெட்டுக்குள் உயரத்தில் கட்டிவிடுங்கள். ரொம்பச் சின்னச் செலவு, இதைவிடப் பலன் தருகிற வேலை வேறில்லை.

மாதம் ஒரு தடவை மண் ரோட்டில் முன்சக்கர ஹப்பைப் பூட்டி, நான்கு சக்கரமும் இழுக்கிற 4ஹெச் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். முன் ஆக்ஸிலுக்குள் ஆயில் சுற்றினால்தான் சீல் காயாமல் இருக்கும். காய்ந்த தார் ரோட்டில் மட்டும் வேண்டாம், கியர்கள் இறுகிக்கொள்ளும்.

இறக்கத்தில் பிரேக்

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் சுமார் 33 கிலோமீட்டர். அதற்குள் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் உயரம் இறங்குகிறோம். பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தைத் தானாகவே இழுத்துக்கொள்ளும். இறக்கத்தில் சூடேறும்போது அந்த ஈரம் ஆவியாகி, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். பார்க்க எவ்வளவு தெளிவாக இருந்தாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை முழுசாக மாற்றிவிடுங்கள். இறங்கும்போது எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியர். இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

பெட்ரோலும் மூடுபனியும்

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரை இழுக்கும், பழைய ரப்பரையும் ஊற வைக்கும். 1998 வண்டியின் குழாய்கள் இதற்காகச் செய்தவை அல்ல. டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரைக்கும் உள்ள ரப்பர் குழாய், பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம், கார்புரேட்டர் கிட் எல்லாவற்றையும் எத்தனால் தாங்குகிற ரகத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். உள்ளே தெரிகிற ஃபில்டர் போட்டால் துருத்தூள் வருகிறதா என்று தினமும் ஒரு பார்வை பார்க்கலாம். ரொம்ப நாள் நிறுத்தப்போகிறீர்கள் என்றால் டேங்கை நிரப்பிவிட்டு, கார்புரேட்டரில் இருப்பதை வடித்துவிடுங்கள்.

மார்கழிக் காலையில் செல்ஃப் சுற்றியும் வண்டி பிடிக்கவில்லையா? பேட்டரி தீரும்வரை சாவியைத் திருகாதீர்கள். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரிக்கிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் பனி ஈரம் படிந்திருக்கும். மூடியைக் கழற்றி உள்பக்கத்தைக் காய்ந்த துணியால் துடைத்து மாட்டினால், பெரும்பாலும் அடுத்த முயற்சியிலேயே பிடித்துக்கொள்ளும். மூடியில் மயிரிழை மாதிரி விரிசல் தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

உதிரியும் மாற்றங்களும்

பழைய உதிரி வாங்குவதில் தப்பே இல்லை. சென்னை புதுப்பேட்டையில் தேடினால் கதவு, கியர் உறை, ஆக்ஸில் வரை கிடைக்கும். ஆனால் ரப்பர், சீல், பேரிங், பிரேக் சம்பந்தப்பட்டது எதுவும் பழசாக வாங்கக் கூடாது. கிளட்ச் விடும்போது அடியில் 'டங்' என்று கேட்டால் கியர்பாக்ஸைச் சந்தேகப்படுவதற்கு முன் டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாங்குகிற ரப்பர் மவுன்டிங்குகளையும், ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் மூட்டையும் பாருங்கள். பட்டை ஸ்பிரிங் தொய்ந்திருந்தால் பட்டைகளை ஏற்றிக்கொண்டே போகாமல், ஷேக்கிள் புஷ்ஷைப் புதிதாகப் போட்டு, கம்பெனி எண்ணிக்கையிலேயே கட்டச் சொல்லுங்கள். சவாரி எவ்வளவு மாறுகிறது என்று அன்றைக்கே தெரியும்.

பெரிய டயர், உயர்த்திய ஸ்பிரிங் எல்லாம் எனக்குப் பிடிக்காது. பெரிய டயரின் பாரம் முழுக்க அந்தக் கிங்பின் பேரிங்கில்தான் போய் விழும். சட்டமும் இடம் கொடுக்காது. கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

பதினைந்து வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது, அதற்கப்புறமும் ஏறியிருக்கிறது. பசுமை வரி தனி. புதுப்பிக்கிற விண்ணப்பமான படிவம் 25-ஐக் காலாவதி தேதிக்கு 60 நாள் முன்பிருந்தே கொடுக்கலாம். கடைசி வாரம் வரை வைத்துக்கொள்ளாமல் அந்த 60 நாளின் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் லைட், ஹாரன், வைப்பர், பிரேக், ஸ்டியரிங், துரு எல்லாம் பார்ப்பார். சேஸ் நம்பரைக் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்க வேண்டியிருக்கும், முதல் நாளே அந்த இடத்தை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து வையுங்கள்.