கண்மாய்க் கண்ணோடு மழைக்காட்டுக்குப் போகாதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து வேன் பிடித்து ஆனைமலையில் இருக்கும் வால்பாறைக்கோ டாப்ஸ்லிப்புக்கோ போய், வழிகாட்டியோடு இரண்டு மூன்று மணி நேரம் காட்டுக்குள் நடந்துவிட்டு வருகிறவர்கள் பலர் ஊருக்கு வந்ததும் சொல்வது ஒன்றுதான்: “ஒண்ணுமே பாக்கல, வெறும் மரந்தான்.” காட்டின் மேல் குற்றமில்லை. நாம் பொட்டலில் பார்த்துப் பழகியவர்கள், அதுதான் காரணம். வேட்டங்குடி சரணாலயத்துக்குப் போனால் கண்மாய்க் கரையில் ஏறி நின்றதுமே நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் கருவேல மரமெல்லாம் உட்கார்ந்திருக்கும். எல்லாமே தூரத்தில், வெளிச்சத்தில், கூட்டம் கூட்டமாக. அதே கண்ணோடு மழைக்காட்டுக்குள் போனால் பச்சைச் சுவர் மட்டும்தான் தெரியும்.

எனவே முதல் தவறு, தூரத்தில் பார்ப்பது. மழைக்காட்டில் இருபதடிக்கு அப்பால் பார்வை போகாது. மேலே முப்பது மீட்டருக்கும் மேல் உயர்ந்த மரங்களின் உச்சி ஒன்றோடொன்று பின்னியிருக்கும். பெரும்பாலான கூத்து அங்கேதான் நடக்கிறது. தரையில் இருப்பவர்களுக்கு முதலில் வந்து சேர்வது சத்தம், அடுத்து மேலிருந்து விழும் பொருட்கள், உருவம் கடைசியில்தான். பெரிய இருவாச்சி பறந்து வரும்போது இறக்கைச் சத்தம் முன்னால் வந்துவிடும். அதன் இறக்கையில் பெரிய சிறகுகளின் அடிப்பாகம் மூடப்படாமல் இருப்பதால் காற்று அதன் வழியே புகுந்து ரயில் எஞ்சின் மூச்சுவிடுவதுபோல ஒலிக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் “என்ன அது, என்ன அது?” என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுக்கொண்டிருந்தால் பறவை போய்விடும். வாயை மூடிக்கொண்டு, மர உச்சிகளுக்கு நடுவே வானம் தெரிகிற இடைவெளியைப் பாருங்கள். அதைத் தாண்டும் ஒரு நொடிதான் நமக்குக் கிடைக்கும்.

விழுந்து கிடப்பதைப் பார்ப்பது அதைவிடச் சுவை. ஆண்டின் முதல் சில மாதங்களில் போனால், ஆனைமலையின் உயரமான பசுமைமாறாக் காட்டில் சில மரங்களுக்கு அடியில் வெளிர்பழுப்பில் குழல் குழலாகப் பூக்கள் கொட்டிக் கிடக்கும். இதழே இல்லாத பூ, கிளையை ஒட்டிக் கொத்துக் கொத்தாகப் பூப்பது. வெடிப்பலா மரம் அது. பிறகு வரும் காய் உருண்டையாக, உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும். நம் பக்கத்து வீடுகளில் மலேயாவுக்குப் போய் வந்த பெரியவர்கள் டுரியானைப் பற்றி வாய் ஓயாமல் சொல்லியிருப்பார்கள் இல்லையா, வெடிப்பலா அதற்குச் சொந்தக்கார மரம்தான். பூவைக் குரங்கும் அணிலும் வௌவாலும் தின்னும், காயைச் சிங்கவால் குரங்கு பிளந்து விதையை எடுக்கும். தரையில் கிடக்கும் முள் தோட்டைக் குனிந்து பாருங்கள். கடித்த இடம் ஈரமாக இருந்தால் ஆள் மேலேதான் இருக்கிறார் என்று அர்த்தம். அந்த இடத்தில் பத்து நிமிடம் நில்லுங்கள். இதைத் தாண்டி வேகமாக நடந்து “அடுத்த பாயின்ட் எங்கே?” என்று கேட்பவர்தான் வெறும் மரம் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறார்.

கருப்பாக ஒரு குரங்கைப் பார்த்ததும் எல்லாரும் “சிங்கவால், சிங்கவால்” என்று கத்துவதும் வழக்கம். நீலகிரிக் கருமந்தியும் கருப்புதான். கருமந்திக்கு வால் மிக நீளம், தலை மட்டும் மஞ்சள் கலந்த பழுப்பு, தாவும்போது மரத்துக்கு மரம் நீளமாகப் பாயும், இலையையே அதிகம் தின்னும். சிங்கவாலுக்கு முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி, வால் குட்டை, நுனியில் சின்னக் குஞ்சம். பெயரில் சிங்கம் இருப்பது அந்தக் குஞ்சத்தால், பிடரியால் அல்ல. வெளிச்சத்துக்கு எதிராக நிற்கும்போது பிடரி தெரியாமல் போகலாம், வால் தெரிந்துவிடும். எனவே முதலில் வாலைப் பாருங்கள்.

மரத்தில் நாம் ஏமாறுவது வேறு விதம். செட்டிநாட்டு வீட்டில் வளர்ந்தவனுக்குத் தேக்கைப் பார்த்தால் ஒரு பாசம். முகப்புத் தூணும் நிலைக்கதவும் பர்மாத் தேக்கு என்று கேட்டே வளர்ந்திருப்போம். டாப்ஸ்லிப்பில் இறங்கியதும் பெரிய பெரிய தேக்கு மரங்களைக் கண்டு, “இதுதான்டா காடு” என்று படமெடுத்துத் தள்ளுவோம். அந்தத் தேக்கில் பெரும்பகுதி நட்டு வளர்த்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே வன அதிகாரியாக இருந்த ஹ்யூகோ வுட் தேக்கு வளர்ப்பில் உயிராக இருந்தவர், அவர் கல்லறையும் அந்தத் தேக்குகளுக்கு நடுவேதான் இருக்கிறது. தேக்கு கோடையில் இலை உதிர்க்கும் மரம். இலை உதிராத மழைக்காடு பார்க்க வேண்டுமானால் பக்கத்திலேயே கரியன் சோலை இருக்கிறது. அங்கே காலை வைத்ததும் வித்தியாசம் தெரியும்: குளிர்ச்சி, இருட்டு, மரத்தின் அடியில் பலகை பலகையாக விரிந்த வேர், கிளையெல்லாம் பாசி.

வால்பாறையில் இதே தவறு தேயிலையால் வரும். பச்சையாக இருக்கிறதே என்று எஸ்டேட் நடுவில் நின்று “மழைக்காடு” என்று படம் போடுகிறார்கள். தேயிலை நட்டது, நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. காடு அங்கே துண்டு துண்டாக, தோட்டங்களுக்கு இடையில் தப்பி நிற்கிறது. புதுத்தோட்டம் அப்படி ஒரு துண்டு. சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கும்போது வண்டியில் அடிபடுவதால், சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டிவிட்டிருக்கிறார்கள்.

இங்கேதான் நம் பலகார டப்பா வருகிறது. நாலு நாள் பயணமென்றால் தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை இல்லாமல் வண்டி கிளம்பாது. கிளம்பட்டும், தப்பில்லை. ஆனால் அறையிலேயே தின்றுவிட்டு வாருங்கள். குரங்குக்கு ஒரு சீடையை நீட்டுகிறவர் அதைச் சாலைக்கு அழைக்கிறார். பழகிய குரங்கு அடுத்த வண்டியின் சத்தத்துக்கும் இறங்கி வரும், அந்த வண்டி நிற்காது. “பாவம், பசிக்கும்ல” என்று ஆச்சிமார் சொல்வார்கள். அதற்கு வேண்டிய சாப்பாடு அந்தக் காட்டிலேயே இருக்கிறது ஆச்சி என்று தன்மையாகச் சொல்லி டப்பாவை வாங்கி மூடிவிட வேண்டியதுதான். நடையின்போது பிளாஸ்டிக் பையைப் பிரிக்கும் சரசரப்பே போதும், பக்கத்தில் இருக்கும் மலை அணில் மரத்தின் மறுபக்கம் போய்விடும்.

சரி, அட்டைக்கு வருவோம். பாதிப் பயணம் இதனால்தான் கெடுகிறது. நம் ஊர்க் கண்மாயில் இருப்பது தண்ணீர் அட்டை, மாட்டுக் காலில் ஏறும், எல்லாருக்கும் தெரியும். அங்கே அட்டை இருப்பது தரையில், இலைச்சருகில், புல் நுனியில். பின்பக்கம் ஊன்றி, முன்பக்கத்தை நிமிர்த்திக் காற்றில் துழாவிக்கொண்டு நிற்கும். நம் நடையின் அதிர்வும், மூச்சும், உடம்புச் சூடும் எட்டியதும் ஜாண் அளப்பதுபோல வளைந்து வளைந்து வரும். கடிக்கும்போது பெரும்பாலும் வலி தெரியாது. விட்டபிறகும் ரத்தம் வடிந்துகொண்டே இருக்கும், ரத்தம் உறையாமல் செய்யும் பொருள் அதன் எச்சிலில் இருப்பதால்.

தவறு எங்கே என்றால், பார்த்ததும் பிடித்து இழுப்பது, தீக்குச்சி வைப்பது, உப்பைக் கொட்டுவது. உப்போ நெருப்போ பட்டால் அது குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடலாம். நகத்தைத் தோலோடு ஒட்டி வைத்து, மெலிந்த முனைப் பக்கம் பக்கவாட்டில் தள்ளுங்கள், வாய் விட்டுவிடும். பிறகு தடித்த முனையையும் அப்படியே தள்ளிச் சுண்டிவிடுங்கள். கழுவிவிட்டு ஒரு துணியை அழுத்திப் பிடித்தால் போதும். முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறை வாங்கி, பேன்ட்டை அதற்குள் விட்டுக் கட்டிக்கொண்டால் கவலையே இல்லை. வேட்டியும் செருப்புமாக வருகிறவரைக் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும். இன்னொன்று, அட்டையைத் தேடிக் குனிந்தே நடப்பவர் எதையும் பார்ப்பதில்லை. நிற்கும்போது மட்டும் காலைப் பார்த்தால் போதும்.

கையை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் உண்மையான கவனம் வேண்டும். சறுக்கலில் பக்கத்துக் கிளையைப் பிடிப்பது இயல்பு. மழைக்காலத்தில் மலபார் குழிவிரியன் இடுப்பளவுக் கிளையிலும் பாறை மேலும் அசையாமல் கிடக்கும். பச்சை, பழுப்பு, மஞ்சள், கருஞ்சிவப்பு என ஒவ்வொன்றும் ஒரு நிறம், பாசியோடு கலந்துவிடும். துரத்தாது, கிட்டப் போய்க் கை வைத்தால்தான் வம்பு. செடிகளும் அப்படித்தான். காஞ்சொறி பட்டு அரித்த அனுபவம் நமக்குண்டு. அங்கே அகன்ற இலையோடு ஆளுயரம் வளரும் சுணைச் செடிகள் இருக்கின்றன, அவற்றின் எரிச்சல் நாள்கணக்கில் நிற்கும். தடி ஒன்றை வழிகாட்டியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

காலம் குறிப்பதில் நம் பஞ்சாங்கம் அங்கே செல்லாது. நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். ஆடியில் இங்கே செம்மண் புழுதி பறக்கும். அதே ஆடியில் வால்பாறையில் தென்மேற்குப் பருவமழை கொட்டும், சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. அப்போது போனால் பாதை சேறு, பறவை அடங்கியிருக்கும், அட்டை மட்டும் உற்சாகமாக இருக்கும். மாசி, பங்குனியில் போகலாமே என்றால் அது காட்டுத்தீ காலம், வனத்துறை நடைபாதைகளை மூடிவிடுவது வழக்கம். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததைப் பார்த்தவர்கள் அந்தத் தடையைப் பற்றி முணுமுணுக்க மாட்டார்கள். வனத்துறை 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு மலையேற்றத் திட்டம் தொடங்கிய பிறகு இணையத்திலேயே முன்பதிவு செய்யலாம், திறந்திருக்கும் நாளையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். பருவமழை ஓய்ந்த பிறகு தை வரை நல்ல காலம்.

நேரமும் முக்கியம். காரைக்குடியில் விடியற்காலை கிளம்பி, மதுரை, பழனி, பொள்ளாச்சி வழியாக ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவும் ஏறி வால்பாறையில் இறங்கும்போது மதியமாகிவிடும். வந்த வேகத்தில் “இப்பவே நடக்கலாம்” என்று சொல்லாதீர்கள். அந்த நேரத்தில் காடு தூங்கும். இரவு தங்கி, மறுநாள் முதல் வெளிச்சத்தில் நடந்தால், சீகாரப் பூங்குருவி சீழ்க்கையடிப்பதே நடையின் கூலியைக் கொடுத்துவிடும்.

வழிகாட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆனைமலையில் நம்மோடு வருகிறவர் பெரும்பாலும் காடர், மலசர் போன்ற பழங்குடியைச் சேர்ந்தவராக இருப்பார், அந்தக் காடு அவர் பிறந்த இடம். அவரை டிக்கெட் கிழிப்பவர்போல நடத்தி, “தம்பி, புலி காட்டுவியா, இல்லையா?” என்று ஆரம்பித்தால் அவரும் நாலு இடம் காட்டிவிட்டுத் திரும்பிவிடுவார். “அண்ணே, இந்த மரத்தை யாரு திங்கும்?” என்று கேட்டுப் பாருங்கள், அப்புறம் அவர் பேச்சு நிற்காது. சாணத்தை உடைத்து என்ன விதை என்று காட்டுவார், மரப்பட்டையோடு பட்டையாக ஒட்டியிருக்கும் பறக்கும் ஓணானைக் காட்டுவார். நாம் தனியாகப் போனால் அது ஆயுசுக்கும் கண்ணில் படாது. அவர் கையை நீட்டி நிற்கச் சொன்னால் காரணம் கேட்காமல் நில்லுங்கள். யானை வாடை அவருக்கு முன்னாலேயே தெரியும், காரணத்தை அப்புறம் சொல்வார்.

பறவைக் குரலை மொபைலில் ஒலிக்கவிட்டு வரவழைக்கிறவர்களும் உண்டு. தன் எல்லைக்குள் வேறொருவன் நுழைந்துவிட்டான் என்று நினைத்து அந்தப் பறவை இரையையும் குஞ்சையும் விட்டுவிட்டு ஓடி வரும். அதோடு துடுப்புவால் கரிச்சான் பக்கத்தில் இருந்தால் மற்ற பறவைகளின் குரலையும் அதுவே பாடிக்காட்டும், நீங்கள் எதைக் கேட்டீர்கள் என்றே தெரியாது. அந்தக் கரிச்சானைப் பார்த்தால் சும்மா காத்திருங்கள். பெரும்பாலும் அதோடு மின்சிட்டும் மரங்கொத்தியும் சிறு பறவைகளும் கூட்டாக மேய்ந்துகொண்டு வரும்.

கீழே விழுந்த கிளையில் ஒட்டியிருக்கும் ஆர்க்கிட்டை எடுத்துவந்து வளவில் தொங்கவிடலாம் என்ற ஆசையையும் விட்டுவிடுங்கள். நம் வெயிலில் அது பிழைக்காது, சரணாலயத்திலிருந்து செடி எடுப்பது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

கடைசியாக வாட்ஸ்ஆப். இருவாச்சிப் பெட்டை மரப்பொந்துக்குள் புகுந்து, தன் எச்சத்தால் வாசலை அடைத்துக்கொண்டு, ஒரு சின்னக் கீறல் வழியே ஆண் கொண்டுவரும் பழத்தை நம்பிக் குஞ்சோடு இருக்கும். ஆண் வர அஞ்சினால் உள்ளே இருப்பவர்களுக்குச் சாப்பாடு இல்லை. அந்த மரம் இருக்கும் இடத்தைக் குடும்பக் குழுவில் லொகேஷனோடு போட்டால், அடுத்த வாரம் அதன் அடியில் ஐந்து வண்டி நிற்கும். படம் போடுங்கள், ஊர்ப் பெயர் வரைக்கும் சொல்லுங்கள். மரத்தைச் சொல்ல வேண்டாம். கேமராவிலும் மொபைலிலும் இருப்பிடம் தானாகப் பதியும் வசதியை நடை தொடங்கும் முன்பே நிறுத்திவிடுங்கள்.