நடுநிலைப் பள்ளிக்குப் புதிதாக வரும் ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் அறுநூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் படிக்கும் எங்கள் நடுநிலைப் பள்ளிக்கு அண்மையில் வந்த அறிவியல் ஆசிரியை ஒருவர், வானவில் மன்றத்துக்குரிய சோதனைப் பொருள்களை ஒன்று விடாமல் எண்ணி, இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, பீரோவில் அடுக்கிப் பூட்டி, சாவியைத் தலைமையாசிரியரிடம் ஒப்படைத்தார். பணியில் சேர்ந்த ஆண்டில் நானும் இதையேதான் செய்தேன். பாடக்குறிப்பு எழுதாமல் விடுவது போன்ற குறைகளைச் சுட்டிக்காட்ட அலுவலர்கள் இருப்பதால், அவர்கள் கண்ணில் படாதவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

பொருள்களைப் பூட்டி வைத்தல்

2022 நவம்பரில் தொடங்கப்பட்ட வானவில் மன்றம், ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகள் அறிவியலையும் கணக்கையும் தம் கையாலேயே செய்து பார்ப்பதற்காக ஏற்பட்டது. உடைந்தால் யார் பொறுப்பு என்ற அச்சம்தான் பூட்டுக்குக் காரணம். அந்தக் காலத்தில் நான் பூட்டிய பீரோவைச் சில ஆண்டுகள் கழித்துத் திறந்தபோது, லிட்மஸ் தாள்கள் வெளுத்திருந்தன, காந்தங்கள் ஒரு குண்டூசியைக்கூடத் தூக்கவில்லை. ஆனால் பதிவேட்டின்படி ஒரு பொருளும் குறையவில்லை.

தேர்வு முடிவு வந்ததும் வேலை முடிந்ததென்று நினைத்தல்

என்.எம்.எம்.எஸ். என்று நாம் சுருக்கிச் சொல்லும் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வை எட்டாம் வகுப்பில் எழுத வேண்டும். ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு மதிப்பெண்ணும் (பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 50), மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மிகாத குடும்ப ஆண்டு வருமானமும் உள்ளவர்கள் எழுதலாம். மனத்திறனுக்கு 90, படிப்பறிவுக்கு 90 என்று 180 வினாக்கள். தமிழ்நாட்டுக்கு 6,695 இடங்கள். தேர்வானவருக்கு ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், அதாவது மொத்தம் 48,000 ரூபாய் கிடைக்கும்.

இதில் நடுநிலைப் பள்ளிக்கு மட்டுமே உரிய ஒரு பள்ளம் இருக்கிறது. தேர்வு எழுதும்போது பிள்ளை நம்மிடம் இருக்கிறது. உதவித்தொகைக்கான இணையப் பதிவு திறக்கும்போது, மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வேறொரு பள்ளியின் ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பள்ளி செய்துவிடும் என்று நாம் இருந்துவிடுகிறோம்; இப்படியொரு பிள்ளை வந்திருப்பதே அந்தப் பள்ளிக்குத் தெரியாது.

செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை வேலை செய்பவரின் மகள் எங்கள் பள்ளியிலிருந்து தேர்வானபோது, அவள் படத்துடன் வாசலில் பிளெக்ஸ் கட்டினோம். அதற்குப் பிறகு அவளுக்காக நான் எதையும் செய்யவில்லை. ஆண்டு முடியும் தறுவாயில் அவளுடைய அப்பா வந்து, ஐந்நூறு ரூபாய் போட்டுக் கணக்குத் தொடங்கிய ஒற்றை வரி மட்டும் அச்சாகியிருந்த வங்கிப் புத்தகத்தை விரித்துக் காட்டி, "சார், பணம் எந்த மாசத்துல இருந்து ஏறும்?" என்று கேட்டார். பதிவுக்கான கெடு முடிந்து வாரக்கணக்காகியிருந்தது. ஒன்பதாம் வகுப்பில் பதிவு செய்யாதவருக்குப் பத்தாம் வகுப்பில் புதுப்பிக்க ஒன்றும் இருக்காது என்பதை அவரிடம் சொல்லும்போது, வெயிலில் வெளிறிப்போன அந்தப் பிளெக்ஸ் வாசலில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. இன்றும் முடிவு வெளியானதும் வாழ்த்துப் பலகைக்கு அளவெடுக்க ஓடும் ஆசிரியர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

கெடுவுக்குள் முயன்றிருந்தாலும் எளிதாக முடிந்திருக்காது என்பது பிறகு தெரிந்தது. பள்ளிப் பதிவேட்டில் முன்னெழுத்து பெயருக்கு முன்னால் இருந்தது. ஆதாரில் பெயருக்குப் பின்னால் இருந்தது. வங்கிப் புத்தகத்தில் அதற்குப் பதிலாக அப்பாவின் முழுப்பெயர் இருந்தது. மூன்றும் ஒரே பிள்ளை என்பது நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. ஆகவே தேர்வுக்கு விண்ணப்பிக்கும் முன்பே மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்துத் திருத்திவிடுங்கள். கணக்கு பிள்ளையின் பெயரில் இருக்கிறதா, ஆதாருடன் இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஏற்காடு மலைப் பள்ளிகளில் இதை அக்டோபருக்குள் முடிப்பது நல்லது. காப்பிப் பழம் பறிக்கத் தொடங்கிவிட்டால், பெற்றோரைப் பகலில் கையெழுத்துக்குப் பிடிப்பது கடினம். மாற்றுச் சான்றிதழுடன் தேர்வு விவரம் எழுதிய தாளையும் இணைத்து, புதிய பள்ளியின் வகுப்பாசிரியரைக் கைபேசியில் அழைத்துச் சொல்லுங்கள். நான் இப்போது ஆகஸ்டில் ஒரு முறையும், பதிவு திறந்ததும் ஒரு முறையும் அழைக்கிறேன். தொல்லை பிடித்த ஆள் என்று பெயர் வாங்கியாயிற்று, பரவாயில்லை.

ஐந்தாம் வகுப்போடு போகும் பிள்ளையைப் பேசாமல் அனுப்புதல்

மருத்துவப் படிப்பில் 2020 முதல் நடைமுறையில் உள்ள 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்கு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்ட ஒதுக்கீட்டில் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. நடுவில் கட்டணம் கட்டிப் படித்த மூன்று ஆண்டுகள் இந்தக் கணக்கைக் குலைத்துவிடும். பெற்றோர் எங்கே சேர்ப்பது என்பது அவர்கள் விருப்பம். ஆனால் மாற்றுச் சான்றிதழில் கையெழுத்தாகும் முன் இதை அவர்களிடம் சொல்லிவிட வேண்டும்.

கலைத் திருவிழாவுக்கு ஒவ்வோர் ஆண்டும் அதே பிள்ளையை அனுப்புதல்

சென்ற ஆண்டு பரிசு வாங்கியவர் இந்த ஆண்டு மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும்.

நூலகப் பாடவேளையில் கணக்கு நடத்துதல்

நானும் நடத்தியிருக்கிறேன். வேண்டாம்.