கரோப் எந்த மண்ணில் விளைந்தது? சத்துக் கணக்கை வைத்துக் கண்டறியும் முறை

சைப்ரஸ் தீவில் கரோப் காய்க்குக் 'கறுப்புத் தங்கம்' என்று பெயர். புளியைப் போலவே அவரைக் குடும்பத்து மரம். முற்றிய காயின் சதை தேன்போல் இனிக்கும். ஆனால் பொடியாக அரைத்துவிட்டால் சைப்ரஸ் காய் எது, மொரோக்கோ காய் எது என்று கண்ணால் பிரிக்க முடியாது. பொட்டலத்தில் அச்சிட்ட ஊர்ப்பெயரை நம்புவதா என்ற கேள்விக்குச் சத்துக் கூறுகளை அளந்து விடை தேடலாம். செய்யும் முறையைப் பார்ப்போம்.

முதல் படி: மாதிரி சேகரிப்பு

பாதி வேலை இங்கேதான் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க, பிறப்பிடம் ஐயமின்றித் தெரிந்த காய்கள் வேண்டும். கடையில் வாங்கியவை உதவாது. தோட்டத்துக்கே போய் மரத்திலிருந்து பறிக்க வேண்டும். ஒவ்வொரு நாட்டிலும் பல தோட்டங்கள், முடிந்தால் இரண்டு மூன்று அறுவடை ஆண்டுகள். காய் முற்றுவது ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில்.

வகைப் பெயரையும் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்பெயினில் 'நெக்ரா', போர்ச்சுகலில் 'முலாட்டா' என்று வட்டாரத்துக்கு ஒரு வகை உண்டு. ஒரு நாட்டிலிருந்து ஒரே வகையை மட்டும் எடுத்தால், நீங்கள் கண்டுபிடிப்பது மண்ணின் வேறுபாடா, வகையின் வேறுபாடா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

இரண்டாம் படி: பக்குவப்படுத்துதல்

காயைக் கழுவித் துடையுங்கள். ஒட்டியிருக்கும் புழுதி இரும்புச் சத்தின் அளவைக் கூட்டிக் காட்டும். பிறகு விதையை முழுவதுமாக நீக்குங்கள். விதை காயின் எடையில் பத்தில் ஒரு பங்குதான், ஆனால் அதன் முளைப்பகுதியில் ஏறக்குறைய பாதி புரதம். கொஞ்சம் கலந்தாலும் சதையின் புரதக் கணக்கு கெட்டுவிடும்.

அடுத்து ஈரப்பதம். கொதிநிலைக்கு மேல் சூடாக்கினால் சர்க்கரையே சிதைந்து எடை குறையும். வெற்றிட அடுப்பில் 70 டிகிரி செல்சியஸில் உலர்த்துவது நல்லது. எல்லா அளவுகளையும் உலர் எடைக்கு மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும். ஒரு காயில் ஈரம் 10 சதவீதம், சர்க்கரை 45; இன்னொன்றில் ஈரம் 16, சர்க்கரை 42 என்று வைத்துக்கொள்வோம். வெவ்வேறாகத் தோன்றினாலும் உலர் எடையில் இரண்டும் 50 சதவீதமே.

மூன்றாம் படி: அளவீடு

புரதத்துக்குக் கெல்டால் முறை: அது காட்டும் நைட்ரஜன் அளவை 6.25 ஆல் பெருக்குங்கள். சாம்பலுக்கு, அதாவது எரித்தபின் மிஞ்சும் மொத்தக் கனிமத்துக்கு, 550 டிகிரி உலை. சுக்ரோஸ், குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் மூன்றையும் திரவ நிறப்பகுப்புக் கருவியில் தனித்தனியாக அளக்கலாம். கொழுப்பு மிகக் குறைவு. அதை நம்பி எதையும் பிரிக்க முடியாது.

என் கணிப்பில் கனிமங்களே மிகவும் பயனுள்ள சாட்சி. சர்க்கரை, காயின் முதிர்ச்சியோடும் வகையோடும் ஏறி இறங்கும். கனிமங்களை வேர் மண்ணிலிருந்து உறிஞ்சுகிறது. அவற்றிலும் பொட்டாசியத்தை உரம் மாற்றிவிடும். ஸ்ட்ரான்சியம், ருபீடியம், பேரியம் போன்ற நுண்தனிமங்கள் அடிப்பாறையின் சாயலைக் கூடுதலாகக் காட்டும். பிளாஸ்மா நிறமாலைக் கருவி உள்ள ஆய்வகம் கிடைத்தால் இவற்றையும் சேர்த்து அளந்துவிடுங்கள்.

நான்காம் படி: கணக்கு

பொட்டாசியம் நூறு கிராமில் ஏறத்தாழ ஆயிரம் மில்லிகிராம். செம்பு அதில் ஒரு துளி. அப்படியே கணினியில் கொடுத்தால் பெரிய எண் சிறியதை விழுங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு அளவிலிருந்தும் அதன் சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் (சராசரியைச் சுற்றி அளவுகள் எவ்வளவு சிதறியுள்ளன என்பதைக் காட்டும் எண்) வகுத்துச் சமப்படுத்துங்கள். பிறகு முதன்மைக் கூறு பகுப்பாய்வு, அதாவது பல அளவுகளை இரண்டு மூன்று அச்சுகளாகச் சுருக்கும் கணக்கு: மாதிரிகள் நாடுவாரியாகக் கூட்டம் சேர்கின்றனவா என்று படத்தில் தெரியும். சேர்ந்தால், புதிய மாதிரி எந்த நாட்டுக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று சொல்லும் பாகுபாட்டுப் பகுப்பாய்வுக்குப் போகலாம்.

சரிபார்க்கும்போது ஒரு முழுத் தோட்டத்தையே ஒதுக்கிவைத்துச் சோதியுங்கள். ஒரே மரத்தின் காய்கள் கணக்கைப் பழக்கும் தொகுப்பிலும் அதைச் சோதிக்கும் தொகுப்பிலும் இருந்தால் மதிப்பெண் பொய்யாக உயரும்.

ஐந்தாம் படி: ஐயத்துக்குரிய பொடி

பாகுபாட்டுக் கணக்கு எதைக் கொடுத்தாலும் தனக்குத் தெரிந்த நாடுகளில் ஒன்றில் தள்ளிவிடும். சைப்ரஸ், ஸ்பெயின், மொரோக்கோ மட்டும் உங்கள் தொகுப்பில் இருந்தால், துருக்கிக் காய்க்கும் அந்த மூன்றில் ஒன்றையே சொல்லும். ஆகவே கூட்டத்தின் நடுவிலிருந்து பொடி எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதையும் கணக்கிட்டு, எல்லை தாண்டினால் 'எதிலும் சேரவில்லை' என்று பதிவு செய்யுங்கள். எல்லைக்குள் இருந்தாலும் அறிக்கையில் 'சைப்ரஸில் விளைந்தது' என்று எழுதாமல், 'நம்மிடமுள்ள சைப்ரஸ் மாதிரிகளோடு ஒத்துப்போகிறது' என்று எழுதுங்கள்.