அஷூர் விபிஎன் வேலை செய்யவில்லையா? பாக்கெட் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்கும் முறை

அலுவலக ரவுட்டருக்கும் மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஷூரில் உள்ள வர்ச்சுவல் நெட்வொர்க்குக்கும் நடுவே சைட்-டு-சைட் விபிஎன் (இரண்டு நெட்வொர்க்குகளையும் இணையம் வழியே என்கிரிப்ட் செய்து இணைக்கும் பாதை) போட்டாயிற்று. அந்தப் பாதையின் அஷூர் பக்கத்து முனையான கேட்வே உருவாக முக்கால் மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தும் ஆயிற்று. ஆனால் கிளவுடில் இருக்கும் சர்வர் எட்டவில்லை. கீயை மாற்றலாமா, என்கிரிப்ஷனை மாற்றலாமா என்று கை பரபரக்கும் நேரம் இது. தயவுசெய்து இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். பாக்கெட் எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரியாமல் மாற்றினால், பழைய பிழையோடு புதிதாக இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும்.

ஒரு சிறிய கணக்கு அலுவலகத்துக்கு முதன்முதலாக நான் இதை அமைத்தபோது இரண்டு நாட்கள் ப்ரீ-ஷேர்டு கீயையே (இரண்டு பக்கமும் முன்கூட்டியே போட்டுவைக்கும் ரகசியச் சொல்) மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். கீ சரியாகத்தான் இருந்தது. ரவுட்டருக்குக் கிடைத்திருந்த ஐபி, பப்ளிக் ஐபியே இல்லை. அதிலிருந்து நான் கடைப்பிடிக்கும் வரிசையைத்தான் கீழே தருகிறேன்.

படி 1: தாளில் எழுதிக்கொள்ளுங்கள்

நான்கு விவரங்கள் வேண்டும்: அலுவலகத்தின் பப்ளிக் ஐபி, அலுவலக லேனின் முகவரி வரம்பு, அஷூர் விபிஎன் கேட்வேயின் பப்ளிக் ஐபி, வர்ச்சுவல் நெட்வொர்க்கின் முகவரி வரம்பு. சர்வருக்குத் தனியாகப் பப்ளிக் ஐபி இருந்தால் அதை இதில் சேர்க்க வேண்டாம்.

புதியவர்கள் குழம்பும் பெயர் ஒன்று இங்கே உண்டு. 'லோக்கல் நெட்வொர்க் கேட்வே' என்பது அஷூருக்குள் ஓடும் கருவி அல்ல. உங்கள் அலுவலகம் இன்ன ஐபியில் இருக்கிறது, அதற்குப் பின்னால் இன்ன முகவரிகள் இருக்கின்றன என்று அஷூருக்கு நீங்கள் கொடுக்கும் குறிப்பு, அவ்வளவுதான். ஆகவே அதில் அலுவலக விவரம் மட்டுமே இருக்க வேண்டும்.

இரண்டு வரம்புகளும் ஒன்றோடொன்று மோதக் கூடாது. அலுவலகத்தில் 192.168.1.0/24, அஷூரில் 10.0.0.0/16 என்றால் சிக்கல் இல்லை. இரண்டு பக்கமும் 10.0 என்றால் மேற்கொண்டு தேடவே வேண்டாம், ஒரு பக்கத்தை மாற்றித்தான் ஆக வேண்டும்.

படி 2: ரவுட்டரின் வான் ஐபியைப் பாருங்கள்

ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வான் (இணையப் பக்கத்து) போர்ட்டுக்கு வந்திருக்கும் ஐபியை, 'என் ஐபி என்ன' என்று காட்டும் ஏதாவது ஓர் இணையதளம் சொல்வதோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

வான் ஐபி 192.168 என்று தொடங்கினால், உங்கள் ரவுட்டருக்கு முன்னால் இன்னொரு மோடம் நாட் (பாக்கெட்டின் முகவரியை மாற்றி அனுப்புவது) செய்துகொண்டிருக்கிறது. அந்த மோடத்தை, முகவரியை மாற்றாமல் அப்படியே கடத்தும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் விபிஎன் பயன்படுத்தும் யுடிபி 500, 4500 போர்ட்கள் இரண்டையும் உங்கள் ரவுட்டருக்குத் திருப்பிவிடுங்கள். அப்போது லோக்கல் நெட்வொர்க் கேட்வேயில் இருக்க வேண்டியது மோடத்தின் பப்ளிக் ஐபி.

100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால், இணைப்பு தரும் நிறுவனமே பல வாடிக்கையாளர்களை ஒரே பப்ளிக் ஐபிக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று பொருள். இந்த 100.64.0.0/10 வரம்பு 2012-இல் இதற்காகவே ஒதுக்கப்பட்டது. என் இரண்டு நாட்களைத் தின்றது இதுதான். நான் அஷூரில் எழுதிய ஐபி ஒன்று, அஷூரை வந்தடைந்த பாக்கெட்டில் இருந்த ஐபி வேறு. நிலையான பப்ளிக் ஐபியைக் கேட்டு வாங்கிய பிறகுதான் டனல் (விபிஎன் பாதை) அப் ஆனது.

படி 3: கனெக்‌ஷன் பக்கம் என்ன சொல்கிறது?

அஷூர் போர்ட்டலில் கனெக்‌ஷனைத் திறந்தால் நிலை ஒன்றும், 'டேட்டா இன்', 'டேட்டா அவுட்' என்று இரண்டு எண்களும் தெரியும். நிலை 'கனெக்டட்' இல்லையென்றால் படி 4. 'கனெக்டட்' என்று காட்டியும் சர்வர் எட்டவில்லை என்றால் நேராகப் படி 5.

படி 4: டனலே அப் ஆகவில்லை

இப்போது அலுவலக ரவுட்டரின் ஐபிசெக் (டனலை என்கிரிப்ட் செய்யும் நெறிமுறை) லாக் வேண்டும். டனலை அமைக்க இரண்டு பக்கமும் பேசிக்கொள்ளும் ஐகேஇ நெறிமுறையின் 2-ஆம் பதிப்பில் பேச்சுவார்த்தை இரண்டு சுற்றாக நடக்கும். முதல் சுற்றில் எந்த என்கிரிப்ஷன், எந்த ஹாஷ், எந்த டிஹெச் குரூப் (சாவிப் பரிமாற்ற முறை) என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ளும். அடுத்த சுற்றில்தான் கீயைச் சரிபார்க்கும். லாகில் உள்ள சொல்லை வைத்தே எந்தச் சுற்றில் முறிந்தது என்று சொல்லிவிடலாம்.

பதிலே வரவில்லை, ரவுட்டர் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கிறது என்றால், வழியில் யுடிபி 500 அல்லது 4500 தடைபட்டிருக்கலாம். அல்லது ஐபி தவறு.

'நோ ப்ரபோசல் சோசன்' என்று வந்தால் என்கிரிப்ஷன் பட்டியல் பொருந்தவில்லை. கீயைத் தொடாதீர்கள். இரண்டு பக்கத்து அமைப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிடுங்கள்.

'ஆதென்டிகேஷன் ஃபெயில்டு' என்றால் மட்டுமே கீயைச் சந்தேகப்படலாம். காப்பி செய்யும்போது கடைசியில் ஒட்டிக்கொள்ளும் வெற்றிடம் கண்ணுக்குத் தெரியாது. கீயை நோட்பேடில் ஒட்டிப் பார்த்து, இரண்டு பக்கமும் புதிதாகப் போடுங்கள்.

'டிஎஸ் அனாக்செப்டபிள்' என்றால் முகவரி வரம்புகளில் உடன்பாடு இல்லை. வழி அட்டவணையைப் பார்த்து டனலுக்கு அனுப்பும் ரூட்-பேஸ்டு கேட்வே வழக்கமாக 0.0.0.0/0 என்று முழு வரம்பையும் முன்வைக்கும். முகவரி வரம்பைப் பொருத்திப் பார்த்து அனுப்பும் பாலிசி-பேஸ்டு ரவுட்டர் குறிப்பிட்ட வரம்பைத்தான் ஏற்கும். கனெக்‌ஷனில் கஸ்டம் ஐபிசெக் பாலிசி அமைத்து, பாலிசி-பேஸ்டு டிராஃபிக் செலக்டர் என்ற தெரிவை இயக்க வேண்டும்.

படி 5: 'கனெக்டட்', ஆனால் எதுவும் போகவில்லை

அலுவலகக் கணினியிலிருந்து சர்வரின் பிரைவேட் ஐபிக்குத் தொடர்ச்சியாக ஏதாவது அனுப்பிக்கொண்டே, அந்த இரண்டு எண்களைக் கவனியுங்கள். பக்கத்தை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும்.

டேட்டா இன் ஏறவில்லை என்றால் பாக்கெட் அலுவலகத்தை விட்டே கிளம்பவில்லை. 10.0.0.0/16-க்கான வழி டனலைக் காட்டுகிறதா என்று ரவுட்டரில் பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் நாட் விதியைப் பாருங்கள். இணையத்துக்குப் போகும் பாக்கெட்டின் முகவரியை மாற்றும் அதே விதி, டனலுக்குப் போகும் பாக்கெட்டையும் பிடித்து மாற்றிவிடும். டனலுக்கான போக்குவரத்துக்கு அதிலிருந்து விலக்கு தர வேண்டும். புதியவர்கள் போட்ட அமைப்புகளில் நான் அடிக்கடி பார்ப்பது இதைத்தான்.

டேட்டா இன் ஏறுகிறது, அவுட் அசையவில்லை என்றால் பாக்கெட் அஷூரை அடைந்துவிட்டது, பதில்தான் திரும்பவில்லை. முதலில் சர்வரின் உள்ளேயே பாருங்கள். விண்டோஸ் ஃபயர்வால் வழக்கமாகவே பிங்கைத் தடுக்கும். அதனால் பிங் வரவில்லை என்பதை வைத்து முடிவுக்கு வராமல், விண்டோஸ் என்றால் 3389, லினக்ஸ் என்றால் 22-ஆம் போர்ட் திறக்கிறதா என்று சோதியுங்கள். பிறகு என்எஸ்ஜி (அஷூரின் போக்குவரத்து வடிகட்டி) விதிகள். அடுத்து, சர்வரின் நெட்வொர்க் இன்டர்ஃபேஸில் 'எஃபெக்டிவ் ரூட்ஸ்' பக்கம். அங்கே அலுவலக வரம்புக்கு எதிரே 'நெக்ஸ்ட் ஹாப்' (பாக்கெட் அடுத்துப் போகும் இடம்) ஆக வர்ச்சுவல் நெட்வொர்க் கேட்வே இருக்க வேண்டும். இல்லையென்றால், சப்நெட்டோடு இணைத்த ரூட் டேபிளில் கேட்வே வழிகளைப் பரப்பும் தெரிவை யாரோ அணைத்திருக்கலாம்.

கேட்வே இருக்கும் சப்நெட்டில் என்எஸ்ஜி எதையும் மாட்டாதீர்கள். மாட்டியிருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள்.

படி 6: பாதி வேலை செய்கிறது

பிங் போகிறது, லாகின் பக்கம் வருகிறது, பெரிய கோப்பை இழுத்தால் மட்டும் தொங்கி நிற்கிறது. இது பாக்கெட்டின் அளவுச் சிக்கல். என்கிரிப்ஷன் தலைப்புகள் சேர்ந்ததும் பாக்கெட் பருத்து வழியில் அடிபடுகிறது. ரவுட்டரில் டிசிபி எம்எஸ்எஸ்ஸை (ஒரு பாக்கெட்டில் போகும் தரவின் உச்ச அளவு) 1350-க்குக் குறைத்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

இன்னொன்று: டனல் காலையில் நன்றாக அப் ஆகி, சில மணி நேரம் கழித்து விழுகிறது. பிஎஃப்எஸ் (சாவியைப் புதுப்பிக்கும்போது புதிதாக டிஹெச் பரிமாற்றம் செய்வது) அமைப்பு இரண்டு பக்கமும் வேறாக இருந்தால் இப்படி நடக்கும். ஐகேஇ 2-இல் முதல் முறை டனல் உருவாகும்போது பிஎஃப்எஸ் பயன்படுவதில்லை, அதனால் முரண்பாடு வெளியே தெரியாது. டனல் தானாக உருவாக்கிக்கொள்ளும் என்கிரிப்ஷன் சாவியை (நீங்கள் போட்ட ப்ரீ-ஷேர்டு கீ அல்ல) புதுப்பிக்கும்போதுதான் முட்டும். அஷூரின் இரண்டாம் கட்டச் சாவிக்கு இயல்பான ஆயுள் 27,000 விநாடிகள், அதாவது ஏழரை மணி நேரம். ரவுட்டரில் இதைவிடக் குறைவாக வைத்திருந்தால் அதற்கு முன்பே விழும். விழும் நேரங்களைக் குறித்துவைத்தால் இது பளிச்சென்று தெரியும்.

எல்லாம் சரியாக இருந்தும் நகரவில்லை என்றால் கனெக்‌ஷனை ரீசெட் செய்யலாம், அதன்பின் கேட்வேயையும் செய்யலாம். கேட்வேயை ரீசெட் செய்தால் அதில் உள்ள மற்ற டனல்களும் சிறிது நேரம் அறுபடும். அலுவலகம் முடிந்த பிறகு செய்யுங்கள்.

அதற்கும் முன்னால் கேட்வேயின் டயக்னாஸ்டிக் செட்டிங்ஸில் ஐகேஇ, டனல் லாகுகளை அஷூரின் பதிவுச் சேமிப்பான லாக் அனலிட்டிக்ஸுக்கு அனுப்பும்படி இயக்கிவையுங்கள். இயக்கிய நேரத்திலிருந்துதான் பதிவுகள் சேரும், அதற்கு முந்தையவை கிடைக்காது. டனல் நன்றாக ஓடிக்கொண்டிருப்பவர்களும் இதை இன்றே செய்துவிடலாம்.