உணவு உறையில் எழுத்தும் அமைப்பும்: தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

உணவுப் பொருளின் உறையை முதன்முறையாக வடிவமைப்பவர், பெரும்பாலும் படத்தையும் நிறத்தையும் முடிவு செய்துவிட்டு, மிஞ்சிய இடத்தில் எழுத்துகளை நிரப்புகிறார். அந்த வரிசையைத் தலைகீழாக்கிப் பழகுவதற்கானது இந்த விளக்கம். உறையிலுள்ள சொற்களைப் படித்து முடிப்பதற்கு முன்பே, எழுத்துகளின் உருவத்தையும் அவை நிற்கும் இடத்தையும் கண்டு, பொருள் இனிக்குமா, கனமாக இருக்குமா, உயர்தரமானதா என்று வாங்குபவர் ஓர் எதிர்பார்ப்பை வளர்த்துக்கொள்கிறார். அந்த எதிர்பார்ப்பைத் திட்டமிட்டு உருவாக்குவது எப்படி என்பதை, ஒரு தேன் புட்டியின் லேபிளைப் பயிற்சியாகக் கொண்டு பார்ப்போம். தாள், பென்சில், பழகிய ஏதேனும் ஒரு வடிவமைப்பு மென்பொருள், அச்சுப்பொறி ஆகியவை போதும்.

படி 1: எதிர்பார்ப்பை ஒரு வரியில் எழுதுங்கள்

மென்பொருளைத் திறப்பதற்கு முன், வாங்குபவர் இந்தத் தேனைப் பற்றி என்ன நினைக்க வேண்டும் என்பதை ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். "கெட்டியான, அடர்ந்த சுவையுள்ள காட்டுத் தேன்" என்பது ஒரு வரி. "குழந்தைகள் விரும்பும் மென்மையான இனிப்பு" என்பது வேறொரு வரி. இரண்டையும் ஒரே லேபிளில் சொல்ல முயன்றால் இரண்டுமே பதியாது. எழுதும் வரி உண்மையாகவும் இருக்க வேண்டும். நீர்த்த தேனுக்குக் கெட்டித் தோற்றம் கொடுத்தால், முதல் கரண்டியிலேயே அது வெளிப்பட்டுவிடும்.

படி 2: எழுத்துருவைச் சுவையோடு பொருத்துங்கள்

மனிதர்கள் வடிவத்தையும் பிற புலன் உணர்வுகளையும் இணைத்துப் பார்க்கிறார்கள் என்பது புதிய செய்தியன்று. உளவியலாளர் வொல்ஃப்காங் கோலர் இதைப் பற்றி 1929ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். பொருளற்ற இரண்டு ஒலிகளைத் தந்து, வளைந்த உருவத்துக்கும் கூரான உருவத்துக்கும் அவற்றைப் பெயராகச் சூட்டச் சொன்னால், மிகப் பலர் ஒரே வகையில்தான் பொருத்துகிறார்கள். கார்லோஸ் வெலாஸ்கோ, சார்லஸ் ஸ்பென்ஸ் முதலியோர் 2015இல் வெளியிட்ட ஆய்வு இதை எழுத்துருக்களுக்குக் கொண்டுவந்தது. அதில் பங்கேற்றவர்கள் உருண்ட எழுத்துருக்களை இனிப்போடும், கோணங்கள் மிகுந்தவற்றைக் கசப்பு, புளிப்பு, உப்பு ஆகியவற்றோடும் இணைத்தார்கள்.

தேனுக்கு உருண்ட எழுத்துருவே பொருந்தும் என்று இதிலிருந்து உடனே முடிவுகட்ட வேண்டாம். மிதமான கசப்பு கலந்த காட்டுத் தேன் என்றால், முனைகள் சற்றே கூரான எழுத்துருதான் நேர்மையானது. ஆகவே, பொருளின் பெயரை மூன்று எழுத்துருக்களில், ஒரே அளவில், கறுப்பு நிறத்தில் மட்டும் அச்சிடுங்கள்: ஒன்று உருண்டது, ஒன்று கோணமானது, ஒன்று கையெழுத்துப் போன்றது. பொருளை அறியாத சிலரிடம் காட்டி, எது அதிகம் இனிக்கும், எது கெட்டியாக இருக்கும் என்று கேளுங்கள். எது அழகு என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடை அவரவர் விருப்பத்தைக் காட்டுமே தவிர, சுவையைப் பற்றி எதுவும் சொல்லாது.

கையெழுத்து எழுத்துருவில் தனிக் கவனம் தேவை. பொருளுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார் என்ற உணர்வை அது தருகிறது என்பதை 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் அதை நீண்ட வாசகங்களுக்குப் பயன்படுத்தினால் படிப்பது கடினமாகிவிடும். அந்தக் கடினம் பொருளின் மேலும் படிகிறது. ஹ்யுன்ஜின் சாங், நார்பர்ட் ஷ்வார்ஸ் இருவரும் 2008இல் ஒரே சமையல் குறிப்பை எளிய எழுத்துருவிலும் படிக்கக் கடினமான எழுத்துருவிலும் தந்தபோது, கடினமானதில் படித்தவர்கள் அந்த உணவைச் சமைக்க அதிக நேரமாகும் என்று மதிப்பிட்டார்கள். எனவே, கையெழுத்து எழுத்துரு ஒரு சொல்லோடு, மிஞ்சினால் இரண்டு சொற்களோடு நிற்கட்டும். இன்று இயந்திரத்தில் தயாராகும் பொருள்கள்கூட இந்த எழுத்துருவை அணிந்து வருவதால், அதன் வலிமை மங்கிக்கொண்டிருக்கிறது என்பது என் கருத்து.

படி 3: அளவுகளை வரிசைப்படுத்துங்கள்

முகப்பில் வரவேண்டிய செய்திகளைத் தாளில் பட்டியலிட்டு, எது முதலில் கண்ணில் பட வேண்டுமோ அதற்கு 1 என்று தொடங்கி எண்ணிடுங்கள். முகப்பு முழுவதற்கும் மூன்று அளவுகளுக்கு மேல் வேண்டாம். ஒவ்வோர் அளவும் அடுத்ததைவிடத் தெளிவாகப் பெரிதாக இருக்க வேண்டும். சிறிதளவே வேறுபட்டால் அது பிழைபோலத் தோன்றும். எல்லாவற்றையும் தடித்த எழுத்தில் இடுவது எதையுமே தடிமனாக்காததற்குச் சமம்.

படி 4: இடத்தையும் வெற்றிடத்தையும் முடிவு செய்யுங்கள்

ஷியாவோயன் டெங், பார்பரா கான் ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வின்படி, பொருளின் படம் உறையின் கீழ்ப்பகுதியிலோ வலப்புறத்திலோ இருந்தால் பொருள் கனமாகவும், மேற்பகுதியிலோ இடப்புறத்திலோ இருந்தால் இலேசாகவும் தோன்றுகிறது. கெட்டித் தேன் என்று சொல்ல விரும்பினால், படத்தைக் கீழே வலப்பக்கமாக அமர்த்திப் பாருங்கள். சுற்றிலும் தாராளமான வெற்றிடம் விட்டால் பொருள் உயர்தரமானதாகத் தோன்றும். நெருக்கி நிரப்பினால் மலிவும் மிகுதியும் தோன்றும். எது வேண்டும் என்பதை முதல் படியில் எழுதிய வரியே சொல்லும்.

ஏற்கெனவே விற்பனையில் உள்ள பொருளானால் இன்னொரு கணக்கும் உண்டு. 2009ஆம் ஆண்டு ஜனவரியில் டிராப்பிகானா நிறுவனம் அமெரிக்காவில் தன் ஆரஞ்சுச் சாற்றுப் பெட்டியை மாற்றியது. உறிஞ்சுகுழல் செருகிய ஆரஞ்சுப் படம் போய்ச் சாறு நிறைந்த கண்ணாடிக் குவளை வந்தது; கிடையாக இருந்த பெயர் செங்குத்தாகத் திரும்பியது. இரண்டு மாதங்களுக்குள் விற்பனை ஏறத்தாழ 20 விழுக்காடு சரிந்தது. பிப்ரவரியிலேயே பழைய உறைக்குத் திரும்புவதாக நிறுவனம் அறிவித்தது. இத்தனைக்கும் உள்ளே இருந்த சாறு மாறவில்லை. வழக்கமாக வாங்குபவர்கள் எந்த வடிவத்தைத் தேடி வருகிறார்களோ, அதை ஒரேயடியாக அழித்துவிடக் கூடாது.

படி 5: பின்பக்கச் சிற்றெழுத்துகள்

விற்கும் நாட்டின் விதிகளை முதலில் பாருங்கள். எடுத்துக்காட்டாக, ஐரோப்பிய ஒன்றியத்தின் 1169/2011 எண் விதி, கட்டாயத் தகவல்களின் ஆங்கிலச் சிற்றெழுத்து 'எக்ஸ்' குறைந்தது 1.2 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்கிறது. தமிழில் அச்சிடுகையில் உகரக் குறிகள் கீழேயும், இகரக் குறியும் புள்ளியும் மேலேயும் நீள்வதால், ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளி இங்கே போதாது. எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளியை மென்பொருளில் கூட்டினால், கொம்பும் காலும் தம் எழுத்தைவிட்டு விலகி நிற்கக்கூடும்; அதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: உண்மை அளவில் சோதியுங்கள்

திரையில் பெரிதாக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். லேபிளை உண்மை அளவில் அச்சிட்டுப் புட்டியில் சுற்றி ஒட்டுங்கள். வளைந்த பரப்பில் ஓரங்கள் மறைந்துவிடும். அமெரிக்க உணவு லேபிள் விதிகள்கூட உருளைக் கலனின் முகப்பை அதன் சுற்றுப் பரப்பில் 40 விழுக்காடாகவே கணக்கிடுகின்றன. பெயர் அந்த எல்லைக்குள் அடங்க வேண்டும். பிறகு, வேறு சில புட்டிகளுக்கு நடுவே அதை வைத்து, சில அடி தள்ளி நிற்பவருக்கு மூன்று வினாடி மட்டும் காட்டி மறைத்துவிடுங்கள். என்ன பொருள், எப்படிச் சுவைக்கும் என்று கேட்டு, அவர் சொல்லும் விடையை முதல் படியில் எழுதிய வரியோடு ஒப்பிடுங்கள். பொருளின் பெயரே நினைவில்லை என்றால் மூன்றாம் படிக்கும், பெயர் சரியாக இருந்து சுவை மாறியிருந்தால் இரண்டாம் படிக்கும் திரும்புங்கள். நிறத்தை அதன் பிறகு தொடங்கலாம்.